பூக்கோல் அமைக்கும் முறை

வெண்டைக்காயைக் குறுக்கே அரிந்து பார்த்தவர் யாவரும் ஓர் உண்மையை அறிவர். காம்பினருகே அரிந்தாலும், நடுவே அரிந்தாலும், ஒவ்வொரு வில்லையிலும் ஒரே விண்மீன் வடிவம் தோன்றும். அவ்வடிவத்தை எவரும் வில்லையின்மேல் எழுதிற்றிலர். காயின் நீளம் முழுவதும் அஃது உள்ளேயே ஓடிக் கிடக்கின்றது. கத்தி செய்வதெல்லாம் அதனை வெளிப்படுத்துதல் ஒன்றே.

இயற்கை காயில் அமைத்த இவ்வமைப்பை மாந்தர் தம் கைத்தொழிலிலும் அமைத்துக் கொண்டனர். பல நிறப் பொருள்களைப் பருத்த கோலாக அடுக்கி, அதன் குறுக்குவெட்டில் ஒரு பூவோ முகமோ தோன்றுமாறு செய்து, பின்னர் அதனை மெல்லியதாக நீட்டி, வில்லை வில்லையாக அரிந்தெடுப்பின், ஒரு முறை செய்த பூ நூற்றுக்கணக்கிற் கிடைக்கும். இக்காலத்தில் பாலிமர் களிமண்ணைக் கொண்டு பொத்தான், மணி, காதணி முதலியன செய்வோர் இக்கோலைக் ‘கேன்’ என்பர். கரும்பையும் பிரம்பையும் குறிக்கும் ஆங்கிலச் சொல் அது. யாம் ஈண்டு அதனைப் பூக்கோல் என வழங்குதும். அதன் வரலாற்றைச் சுருக்கமாகவும், செய்முறையைச் சற்று விரிவாகவும் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்ணாடியில் தோன்றிய முறை

இம்முறை களிமண்ணில் தோன்றியதன்று, கண்ணாடியில் தோன்றியது. உரோமப் பேரரசின் தொடக்க காலத்தில் எகிப்து, இத்தாலி முதலிய நாடுகளிலிருந்த கண்ணாடித் தொழிலாளர், பல நிறக் கண்ணாடிக் கம்பிகளை ஒருங்கே அடுக்கித் தீயிற் காய்ச்சி ஒன்றாக இணைப்பர். அஃது இளகியிருக்கும்போதே இருபுறமும் பற்றி இழுப்பர். கோல் நீள நீள மெலியும். உள்ளிருக்கும் உருவமும் விகிதம் மாறாமல் சிறுத்துக்கொண்டே போகும். ஆறிய பின்னர் அதனைத் துண்டுகளாக்கிக் கிண்ணங்களிலும் அணிகலன்களிலும் பதிப்பர்.

அவர்கள் கையாண்ட சூழ்ச்சி ஒன்று இன்றும் வியக்கத்தக்கது. முழு முகத்தைக் கோலில் அமைப்பின் வலக்கண்ணும் இடக்கண்ணும் ஒத்து வருதல் அரிது. ஆதலின் அவர்கள் பாதி முகத்தையே கோலாகச் செய்தனர். அதினின்றும் அடுத்தடுத்து இரண்டு வில்லைகளை அரிந்து, ஒன்றை மறுபுறமாகத் திருப்பி மற்றொன்றன் பக்கத்தில் வைத்து இணைத்தனர். ஆடியில் தோன்றும் எதிருருப்போல இரு பாதியும் பொருந்தி முழுமுகமாயின. நாடக முகமூடிகளின் உருவத்தில் இவ்வாறு செய்யப்பட்ட சிறு கண்ணாடித் தகடுகள் இன்றும் மேல்நாட்டுக் காட்சிச்சாலைகளில் உள்ளன.

வெனிஸ் குடியரசு, தீ விபத்துக்கு அஞ்சி, 1291-ஆம் ஆண்டில் கண்ணாடி உலைகளை நகரத்தினின்றும் நீக்கி முரானோ என்னும் தீவிற்கு அனுப்பியது. பிற்காலத்தில் அத்தீவினர் இத்தொழிலிற் பெரும்புகழ் எய்தினர். ‘மில்லெஃபியோரி’ என அவர்கள் மொழியில் இதற்குப் பெயர்; ஆயிரம் பூ என்பது அதன் பொருள். 19-ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகரத்து ஜாக்கோமோ பிராங்கினி என்பவர், விரல்நுனியினும் சிறிய வட்டத்துக்குள் மனித முகத்தை இனங்கண்டு கொள்ளத்தக்க வகையில் கோலிலே அமைத்தார்.

நம் நாட்டில் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டிலும் பண்டைக் காலத்தில் கண்ணாடியைக் குழலாக நீட்டித் துண்டாக்கி மணி செய்தனர். அம்மணிகள் பெரும்பாலும் ஒரே நிறத்தன. உள்ளே உருவம் இல்லை. ஆயினும் பருமனாகச் செய்து, நீட்டி, சிறுகத் துண்டாக்கும் வழி ஒன்றே. ஜப்பானியர் செய்யும் கிந்தாரோ மிட்டாயும் இவ்வினத்தைச் சார்ந்ததே. அதனை எவ்விடத்தில் ஒடித்தாலும் கதையிற் கூறப்படும் கிந்தாரோ என்னும் சிறுவனுடைய முகம் நம்மை நோக்கும்.

பாலிமர் களிமண் என்பது யாது?

களிமண் என்னும் பெயரால் எவரும் மயங்கற்க. இது நிலத்தினின்றும் தோண்டி எடுக்கப்படுவதன்று. நீர்க்குழாய்கள் செய்யப் பயன்படும் பாலிவினைல் குளோரைடு என்னும் பொருளின் நுண்ணிய துகள்களே இதற்கு அடிப்படை. அத்துகள்களோடு எண்ணெய் போன்ற இளக்கி ஒன்றும், நிறப்பொடியும் பிறவும் கலக்கப்பட்டுள்ளன. இளக்கி இருத்தலால் இது பிசைந்த மாவைப்போல் வளைந்து கொடுக்கும். நீர் இல்லாமையால் காற்றில் உலர்ந்து இறுகுவதில்லை. தக்க வெப்பத்திற் சுடும்போது துகள்கள் இளக்கியை உறிஞ்சி ஒன்றோடொன்று பிணைந்து உறுதியான பொருளாகின்றன.

ஜெர்மனியில் பொம்மைத் தொழிலிற் பெயர் பெற்றிருந்த கேத்தே குரூசே என்னும் அம்மையாருக்கு 1939-ஆம் ஆண்டில் இத்தகைய களி ஒன்று கிடைத்தது. அது தம் தொழிற்சாலைக்கு ஏலாமையால், அவர் அதனைத் தம் மகளாகிய சோபியிடம் கொடுத்தார். அம்மகளை வீட்டார் ஃபிஃபி என்று அழைத்தனர். அக்களியின் உரிமை பின்னர் எபர்ஹார்டு ஃபேபர் என்னும் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது; ஃபிஃபியின் பெயரை முன்னே கொண்டு ‘ஃபிமோ’ எனப் பெயர் பெற்றது. வெனிசியக் கண்ணாடிக் கோலின் முறையை இக்களியில் அமைக்கும் வழி 20-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அமெரிக்காவிற் பெரிதும் பரவியது. நேன் ரோச் என்பவர் 1991-இல் வெளியிட்ட ‘புதிய களிமண்’ என்னும் பொருள்படும் ஆங்கில நூல், இக்கலையைப் பலரும் கற்கத் துணை செய்தது.

கண்ணாடிக்கு உலை வேண்டும். நெடுநாட் பயிற்சியும் வேண்டும். களிக்கோ ஒரு மேசையும் இரண்டு கைகளும் போதும். அழுத்தும்போது நிறங்கள் கலவாமல் அடுத்தடுத்து நின்று ஒருங்கே நீளுதல் ஆகிய பண்பு இரண்டற்கும் பொதுவாதலின், கண்ணாடியின் வழி களிக்கும் பொருந்திற்று.

ஐந்திதழ்ப் பூக்கோல்

இனிச் செய்முறையைக் கூறுதும். வேண்டுவன: வெள்ளை, சிவப்பு, மஞ்சள், கரும்பச்சை ஆகிய நான்கு நிறக் களிகள், வழவழப்பான கண்ணாடிப் பலகை ஒன்று, உருட்டுக்கட்டை ஒன்று, மெல்லிய நீண்ட அலகு ஒன்று.

முதலாவது, களியைப் பதப்படுத்துதல். ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே கையாற் பிசைந்து, வளைத்தால் வெடிக்காத நிலைக்குக் கொணர்தல் வேண்டும். எல்லா நிறங்களும் ஒரே மென்மை உடையனவாய் இருத்தல் இதனினும் முக்கியமானது. ஒன்று மெத்தென்றும் மற்றொன்று கடினமாகவும் இருப்பின், அழுத்தும்போது மெல்லியது முந்தி ஓடும்; கடியது பின்தங்கும்; உருவம் சிதையும். மிக மெல்லிய களியை வெள்ளைத் தாள்களின் நடுவே சில மணி நேரம் வைப்பின், தாள் இளக்கியை உறிஞ்ச, களி சற்றுக் கடினமாகும். கடினமான களியை நன்கு பிசைதலே மருந்து.

இரண்டாவது, இதழ். வெள்ளைக் களியையும் சிவப்புக் களியையும் ஒரே பருமனுள்ள தகடுகளாக்கி, ஒவ்வொன்றையும் மூலைக்கு மூலை வெட்டி, வெள்ளை முக்கோணமும் சிவப்பு முக்கோணமும் சேர்ந்து ஒரு நாற்சதுரமாகுமாறு பொருத்துக. வெள்ளை வெள்ளையோடும் சிவப்பு சிவப்போடும் பொருந்தும்படி அதனை மடித்துத் தேய்க்க. எப்போதும் ஒரே திசையில் மடித்து இருபது முறையேனும் தேய்ப்பின், ஒரு பக்கம் வெண்மையாகவும் மறுபக்கம் செம்மையாகவும் இடையே படிப்படியாக மாறும் நிறமுடைய தகடு கிடைக்கும். இதனை வகுத்தவர் ஜூடித் ஸ்கின்னர் என்னும் அமெரிக்க அம்மையார். அவர் பெயராலேயே இம்முறை வழங்குகின்றது.

இத்தகட்டை நிறம் மாறும் திசையில் நீட்டி, வெண்பகுதியிலிருந்து பாய் சுருட்டுவதுபோற் சுருட்டுக. உள்ளே வெண்மையும் வெளியே செம்மையும் உடைய உருளை தோன்றும். அதன் பருமன் 3 செ.மீ., நீளம் 4 செ.மீ. ஆக இருக்கட்டும். அதனை நெடுக்கே மூன்று அல்லது நான்கு பிளவாக வெட்டி, பிளவுகளின் நடுவே சிவப்புக் களியின் மெல்லிய தகடுகளை வைத்து மீண்டும் இணைத்தால் இதழின் நரம்புகள் அமையும். பின்னர் அவ்வுருளையை 1.3 செ.மீ. பருமனுக்கு மெலிப்பின் அது சுமார் 21 செ.மீ. நீளும். நுனிகளை நீக்கி, ஒரு பக்கத்தை நெடுகக் கிள்ளி, குறுக்குவெட்டு நீர்த்துளி வடிவாகுமாறு செய்து, 4 செ.மீ. அளவில் ஐந்து துண்டுகளாக்குக. இவையே ஐந்து இதழ்கள்.

மூன்றாவது, பூவை அடுக்குதல். மஞ்சட் களியால் 9 மி.மீ. பருமனும் 4 செ.மீ. நீளமும் உடைய தண்டு ஒன்று செய்து நடுவே நிறுத்தி, அதனைச் சுற்றி ஐந்து இதழ்களையும் கூர்முனை உள்நோக்குமாறு வைத்திடுக. இப்போது இதழுக்கும் இதழுக்கும் இடையே, வெளிப்புறத்தில், ஐந்து பள்ளங்கள் காணப்படும். கரும்பச்சைக் களியை முக்கோணக் கழிகளாக்கி அப்பள்ளங்களிற் பொருந்த வைத்து நிரப்புதல் வேண்டும். பின்னரே முழுவதையும் கரும்பச்சைத் தகட்டாற் போர்த்துதல் வேண்டும். இப்போது கோலின் பருமன் 4 செ.மீ. ஆகும்.

யான் கெடுத்த கோல்

பள்ளங்களை நிரப்புதலைப்பற்றி இத்துணை வற்புறுத்துவானேன் என்று நண்பர்கள் வினவலாம். அதற்கு விடை என் அனுபவமே.

சென்ற ஆண்டின் இறுதியில், படிப்பு முடித்து விடுதியை விட்டுச் செல்லும் மேல்வகுப்பு அண்ணன்மார் நாற்பதின்மருக்கு ஆளுக்கொரு பூமணி கொடுப்பதென்று எங்கள் வகுப்புத் தோழர் தீர்மானித்தனர். பதினால்வர் பொருள் கூட்டினர். அவருட் சிலர் ஒரு வாரம் மாலைச் சிற்றுண்டியை விட்டுக் காசு கொடுத்தனர் என்பதை யான் அறிவேன். களி விலை மிகுந்த பொருள். அதனை முழுவதும் என்னிடம் ஒப்புவித்தனர். என்னை, யான் ஒருவனே இதனைப்பற்றிப் படித்திருந்தேன்.

யான் இதழ்களை மிக அழகாகச் செய்தேன். நரம்புகள் ஒழுங்காய் அமைந்தன, கண்டவர் பாராட்டினர். பள்ளங்களை மட்டும் நிரப்பிற்றிலேன். மேலே போர்த்தும் தகடு அவற்றை அடைத்துக்கொள்ளும் என்று எண்ணினேன். பூ என்பது இதழ், இடைவெளி பூவன்று, அதற்கு ஏன் உழைத்தல் வேண்டும் என்பது என் எண்ணம். வெள்ளைக் களி சிவப்பினும் மெல்லியதாய் இருந்ததையும் கண்டேன். நேரமில்லை என்று விட்டேன்.

கோலை அழுத்தி நீட்டினேன். வெளியே பார்க்க அது குற்றமற்ற கரும்பச்சைக் கோலாகவே இருந்தது. தோழர் சூழ்ந்து நிற்க முதல் வில்லையை அரிந்தேன். பூ இல்லை, ஒரு பக்கம் வழிந்த செங்கறையும், அதன் ஓரத்தில் ஒதுங்கிய மஞ்சட் புள்ளியுமே இருந்தன. நுனி எப்போதும் சிதைந்திருக்கும், உள்ளே நன்றாயிருக்கும் என்று கூறி மற்றொன்று அரிந்தேன். பின்னும் அரிந்தேன். கோலின் நடுப்பாகத்திலும் அதே கறைதான். பூக்கோலில் பூ எங்கும் இருப்பதுபோலவே பிழையும் எங்கும் இருக்கும் என்பதை அப்போது அறிந்தேன். மேலே வண்ணம் தீட்டித் திருத்த இதில் இடமில்லை. கலந்த நிறங்களை மீண்டும் பிரிக்கவும் இயலாது. நிரப்பப்படாத பள்ளங்களுக்குள் இதழ்கள் சரிந்தமையும், மெல்லிய வெண்களி முந்தி ஓடினமையுமே காரணங்கள்.

தோழரிடம் என் பிழையை மறையாது கூறினேன். ஒருவர் ஒன்றும் பேசாமல் எழுந்து சென்றார். அது வைதலினும் மிகுதியாய் என்னை வருத்திற்று. மறுநாட் காலையில் அவரே வந்து, “மீந்த களி எவ்வளவு உண்டு?” என்று கேட்டார். மூன்றில் ஒரு பங்கு இருந்தது. இருவரும் அமர்ந்து அதனைப் பதமாகப் பிசைந்து சிறிய கோல் ஒன்று செய்தோம். இம்முறை பள்ளங்களை நிரப்பும் கழிகளை முதலிலேயே செய்து வைத்துக்கொண்டோம். அதன் முடிவைப் பின்னர்க் கூறுவேன்.

கோலை மெலித்தல்

அடுக்கிய கோலை உடனே பலகையில் உருட்டலாகாது. உருட்டினால் வெளித்தோல் மட்டும் நீளும். உள்ளே உள்ளது அசையாது. முதலில் இரு கைகளாலும் கோலின் இடையைச் சுற்றிப் பிடித்து, நாற்புறமும் ஒத்தவாறு உள்நோக்கி அழுத்துதல் வேண்டும். இடை சிறுத்தபின் அங்கிருந்து இரு நுனிகளையும் நோக்கி அழுத்திக்கொண்டே செல்க. முழுதும் இளகி ஒன்றாக அசையத் தொடங்கிய பின்னரே மெல்ல உருட்டி நீட்டுக. இடையிடையே கோலைத் தலைகீழாக மாற்றிப் பிடித்தல், ஒரு நுனி மட்டும் மெலிந்து போகாமற் காக்கும்.

இங்கே ஒரு சிறு கணக்கைக் காண்போம். 4 செ.மீ. பருமனும் 4 செ.மீ. நீளமும் உடைய கோலை 1 செ.மீ. பருமனுக்கு மெலித்தால் நீளம் யாதாகும்? பருமன் நான்கில் ஒன்றாயிற்று. ஆகவே குறுக்குவெட்டின் பரப்பு பதினாறில் ஒன்றாயிற்று. களியின் கன அளவு மாறாமையால் நீளம் பதினாறு மடங்காகி 64 செ.மீ. ஆகும். நுனிகளில் சிதைந்த பகுதிக்கு 8 செ.மீ. கழித்தாலும் 56 செ.மீ. எஞ்சும். 2 மி.மீ. பருமனுள்ள வில்லைகளாக அரிந்தால் 280 பூக்கள் கிடைக்கும். மெலிக்காத கோலில் அதே அளவில் அரிந்தால் 20 வில்லைகளே.

இக்கணக்கு மற்றோர் உண்மையையும் கற்பிக்கின்றது. பருமன் நான்கில் ஒன்றாகும்போது உள்ளிருக்கும் ஒவ்வொரு கோடும் நான்கில் ஒன்றாகும். 2 மி.மீ. அகலமுள்ள நரம்பு அரை மி.மீ. ஆகும், அரை மி.மீ. நரம்போ கண்ணுக்குத் தோன்றாது மறையும். ஆதலின் பெரிய கோலில் மிகையாகத் தோன்றும் தடித்த கோடும், முரண்பட்ட நிறமுமே சிறிய பூவில் அளவாய் அமையும். வெளிர்சிவப்பையும் செம்மஞ்சளையும் அருகருகே வைப்பின், சிறுத்தபின் இரண்டும் ஒன்றாய்த் தோன்றும்.

அரிதலும் சுடுதலும்

மெலித்த கோல் கைச்சூட்டால் இளகியிருக்கும். நம் நாட்டு வெப்பத்தில் இது மிகுதி. ஆதலின் சிறிது நேரம் குளிர்ப்பெட்டியில் வைத்து, இறுகிய பின்னர் அரிதல் நன்று. ஒவ்வொரு வில்லையை அரிந்த பின்னும் கோலைக் காற்பங்கு திருப்புதல் வேண்டும். ஒரே பக்கமாக அழுத்திக்கொண்டிருப்பின் அடிப்பக்கம் தட்டையாகி வட்டப்பூ நீள்வட்டமாகும். அலகை நேரே கீழ்நோக்கி ஒரே வீச்சில் இறக்குக.

சுடும் வெப்பம் களியின் வகைக்கேற்ப ஏறத்தாழ 110 முதல் 135 பாகை சென்டிகிரேடு வரை வேறுபடும். காலம் பெரும்பாலும் அரைமணி. உறையின்மேல் அச்சிட்டுள்ள அளவையே பின்பற்றுக. மின்னடுப்பின் திருகு காட்டும் எண்ணை நம்பாமல் வெப்பமானி ஒன்றை உள்ளே வைத்துப் பார்த்தல் வேண்டும். நன்கு வெந்த மெல்லிய வில்லை வளைத்தால் வளையும், வேகாதது ஒடியும்.

மூன்று எச்சரிக்கைகளை ஈண்டுக் கூறாது விடலாகாது. அளவுக்கு மிஞ்சிய வெப்பத்தில் இக்களி கருகும்; அப்போது ஹைட்ரஜன் குளோரைடு என்னும் கடுமையான ஆவி வெளிப்படும். அங்ஙனம் நேரின் அடுப்பை நிறுத்திச் சாளரங்களைத் திறந்து அறையை விட்டு வெளியேறுக. இரண்டாவது, களிக்குப் பயன்படுத்திய கட்டை, கத்தி, தட்டு ஆகியவற்றை மீண்டும் சமையலுக்குக் கொள்ளலாகாது. மூன்றாவது, இதனால் உண்கலம் செய்தலும் கூடாது. வேலை முடிந்தபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும். முற்காலத்துக் களிகளில் தாலேட் என்னும் வகையைச் சார்ந்த இளக்கிகள் இருந்தன. அவற்றுட் சிலவற்றைக் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களிற் சேர்த்தலை ஐரோப்பிய ஒன்றியம் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வரையறுத்தது. ஆதலின் பழைய இருப்பை வாங்காதிருத்தல் நலம்.

முடிவுரை

நிற்க, எங்கள் இரண்டாம் கோலின் செய்தியைக் கூறி முடிக்கின்றேன். முதல் வில்லையிலேயே ஐந்திதழும் நடுவண் மஞ்சளும் தெளிவாய்த் தோன்றின. ஆயினும் நாற்பது மணிகளை முழுவதும் நல்ல களியால் உருட்டப் போதிய களி இல்லை. அப்போது, கெட்டுப்போன கோலை நினைத்தோம். அதனைப் பிசைந்து ஒரே நிறமாக்கி நாற்பது உருண்டைகள் உருட்டினோம். அவற்றின்மேல் நல்ல கோலின் வில்லைகளை ஒரு மி.மீ. பருமனில் அரிந்து இடைவெளியின்றிப் பதித்து உருட்டினோம். சுட்டெடுத்தபோது ஒவ்வொரு மணியும் பூப்பந்தாய் இருந்தது. கெட்ட களியை மணியின் நடுவில் வைத்து நல்லதை மேலே போர்த்துதல் இத்தொழிலோர்க்கு வழக்கமே என்று பின்னர் அறிந்தேன்.

அம்மணிகள் இன்று பல ஊர்களில் உள்ளன. அவற்றைப் பெற்றோர் மேலுள்ள பூக்களையே காண்பர். எவரேனும் ஒன்றை அறுத்துப் பார்ப்பின், நடுவே பழுப்பு நிறமாக என் முதற்கோல் இருக்கும். இக்கலையைக் கற்கப் புகும் நண்பர்கள் பூவைச் செய்வதற்கு முன், பூவல்லாத அவ்விடைவெளிகளைச் செய்யக் கற்பாராக. அதற்கு வேண்டுவது அரைமணி நேரமும் ஒரு பிடி பச்சைக் களியுமே.